வெறுங்காலுக்கு ஏற்ற தரை கேளுங்கள்: சிப்காட் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் சிப்காட் ஆலைகளில் வேலை பார்த்து, ஓவர்டைம் செய்து, பி.எஃப். பணத்தை எடுத்து வீடு கட்டிக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களே, தம்பிகளே, அந்த வீடுகளில் குடியேறப் போகும் அக்காமார்களே, தங்கைகளே,

பச்சையாங்குப்பம் தொடங்கி குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், ஆலப்பாக்கம் என்று சிதம்பரம் சாலை நெடுக நீங்கள் கட்டும் வீடுகளில் மேற்பார்வை வேலை செய்பவன் நான். கம்பியும் சிமென்ட்டும் வாங்கும்போது நீங்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாது. எந்தக் கம்பெனி, எத்தனை எம்.எம்., கலவை எத்தனைக்கு எத்தனை, தண்ணீர் எத்தனை நாள் விட வேண்டும் என்று ஒன்று விடாமல் கேட்பீர்கள். தரைக்கு வந்ததும் கேள்விகள் நின்றுவிடுகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறீர்கள். முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும் ஒரு டைலைக் காட்டி, "இதையே வீடு முழுக்கப் போட்டுடுங்க" என்கிறீர்கள். வாசல், கூடம், அடுப்படி, குளியலறை, மாடிப்படி எல்லாவற்றுக்கும் அதே டைல். பல வீடுகளில் வாய் வார்த்தையாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இனி எழுத்தில் சொல்வது என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குத் தரையைப் பற்றித் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆலைக்குள் தரை எப்படிப் போடுகிறார்கள் என்பதை நீங்கள் தினம் பார்க்கிறீர்கள். ஆசிட் கையாளும் இடத்தில் ஐ.எஸ். 4860 என்ற இந்தியத் தரத்தில் வரும் அமிலம் தாங்கும் செங்கல், இல்லையென்றால் ஐ.எஸ். 4457 தரத்தில் வரும் மெருகிடாத கெட்டி டைல். அதன் இடுக்கில் வெறும் சிமென்ட் வைப்பதில்லை, ஆசிட் அதைத் தின்றுவிடும் என்று ரெசின் கலவையை அடைக்கிறார்கள். கழுவிய தண்ணீர் எங்கும் தேங்காமல் வடிகாலுக்கு ஓட வாட்டம் வைக்கிறார்கள். மருந்து தயாராகும் பகுதியில் இடுக்கே இல்லாத எபாக்சி தரை, சுவரும் தரையும் சேருமிடத்தில் தூசு தங்காத வளைவு. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் தளம் வேறு. உயரத்தில் நடக்கும் மேடை வேறு. இங்கே என்ன சிந்தும், யார் நடப்பார்கள், காலில் எதைப் போட்டு நடப்பார்கள், எதைக் கொண்டு கழுவுவார்கள் என்று கேட்காமல் உங்கள் ஆலையில் ஒரு சதுர அடித் தரைகூடப் போட மாட்டார்கள். அதற்கு மேலும் உங்கள் காலில் வழுக்காத அடிப்பாகம் உள்ள சேஃப்டி ஷூ இருக்கிறது.

அதே நான்கு கேள்விகளை உங்கள் வீட்டு வாசற்படியில் ஏன் கழற்றி வைத்துவிடுகிறீர்கள்? வீட்டில் ஷூ கிடையாது. வெறுங்கால்தான் நடக்கிறது, அதுவும் பாதி நேரம் ஈரக்கால். நடப்பவர்களில் எழுபது வயது அம்மா இருக்கிறார், தவழ்ந்து எழும் குழந்தை இருக்கிறது, நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார். ஆலையில் கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்கினால் எச்சரிக்கை வாங்கும் நீங்கள், வீட்டில் கைப்பிடியே இல்லாத படிக்குப் பாலிஷ் கிரானைட் போடுகிறீர்கள்.

விழுவதை நாம் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான், அதில் பெரும்பங்கு அறுபதைத் தாண்டியவர்களுக்கு. எங்கள் பெரியம்மா அந்த வயதுக்காரர். மகன் ஆசையாகக் கட்டிய வீட்டின் தாழ்வாரத்தில் சாரல் அடித்த ஒரு காலையில், கோலப்பொடிக் கிண்ணத்தோடு ஒரு எட்டு வைத்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை, பிறகு வாக்கர். அந்த டைலை வாங்கும்போது அவரை யாரும் கடைக்கு அழைத்துப் போகவில்லை. "அம்மாவுக்கு என்ன தெரியும்" என்று விட்டுவிட்டார்கள். அந்த வீட்டுத் தரையில் மற்ற எல்லாரையும்விட அதிக நேரம் நடந்தவர் அவர்தான்.

கடையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். டைலைச் சுவரோரம் நிற்க வைத்து, மேலிருந்து விளக்குப் போட்டிருப்பார்கள். உங்கள் காலில் செருப்பு. தரையில் சொட்டு ஈரம் கிடையாது. அந்த இடத்தில் கண்ணுக்கு மட்டும்தான் வேலை, காலுக்கு ஒரு வேலையும் இல்லை. விற்பவரிடம் கேட்டால் "ஆன்டி ஸ்கிட்தான் சார்" என்பார். அந்தச் சொல்லுக்கு ஓர் அளவு உண்டு, அதைக் கேளுங்கள். ஜெர்மானிய முறையில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் பிரிக்கிறார்கள். ஷூ போட்ட ஒருவரை எண்ணெய் தடவிய சாய்தளத்தில் நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் வழுக்குகிறது என்று பார்த்துத் தரும் எண் அது. ஆர் 9 அதில் கடைசித் தரம். அந்த எண்ணைக் காட்டிக் குளியலறைக்கு டைல் விற்றால் நம்பாதீர்கள். வெறுங்காலுக்கென்று தனிச் சோதனை இருக்கிறது. சோப்புத் தண்ணீர் ஓடும் தளத்தில் வெறுங்காலோடு நடத்திப் பார்த்து ஏ, பி, சி என்று தருவார்கள், சி தான் அதிகப் பிடிப்பு. குளிக்கும் இடத்துக்கு பி ஆவது வேண்டும். கடையில் இந்த விவரம் இல்லை என்று சொன்னாலும் கவலை வேண்டாம், உங்கள் காலே சோதித்துச் சொல்லும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, டைலைத் திருப்பிப் பாருங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். முன்பக்கத்தில் இருப்பது அச்சடித்த படம், டைலின் குணம் பின்பக்கத்தில் தெரியும். பின்பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுவருக்கான செராமிக் டைல் அந்தத் தண்ணீரைக் கண்ணெதிரே உறிஞ்சிவிடும், அந்த இடம் கறுத்து நிற்கும். விட்ரிஃபைடு டைலில் தண்ணீர் முத்து முத்தாக அப்படியே நிற்கும். சுவர் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும் வகை. விட்ரிஃபைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. களிமண்ணோடு ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்த்து அழுத்தி, ஏறத்தாழ 1,200 டிகிரி சூட்டில் வேகவைக்கும்போது, ஃபெல்ஸ்பார் உருகித் துளைகளை அடைத்துவிடுகிறது. அதனால்தான் அது தண்ணீரை வாங்குவதில்லை. சூளையும் ரியாக்டரும் பார்த்த உங்களுக்கு இதைப் புரிய வைக்கத் தேவையே இல்லை. நம் மாவட்டத்திலேயே, விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித் தரும் அரசு நிறுவனமும் இருக்கின்றன. அங்கே படித்த பையன் உங்கள் தெருவில் இருந்தால் ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். குஜராத்தில் மோர்பியிலிருந்து லாரி ஏறி வரும் டைலைப் பற்றி அவன் உங்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லுவான்.

குளியலறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டில் மிகக் குறைவான கவனம் பெற்று நிறையப் பேரைச் சாய்க்கும் அறை அதுதான். அங்கே ஓர் அடிக்கு ஓர் அடி அளவுள்ள, மெருகில்லாத மேட் டைல் போதும். கூடத்தில் மிச்சமான நாலுக்கு இரண்டு பாலிஷ் டைலை அங்கே தள்ளிவிடாதீர்கள். சின்ன டைலில் இடுக்குகள் அதிகம், அவையும் காலுக்குப் பிடி கொடுக்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரிய டைலை நாலு பக்கத்திலிருந்தும் ஒரு மூலைத் துளையை நோக்கிச் சரிக்க முடியாது, சின்னதைச் சரிக்கலாம். ஐந்தடிக்கு ஓர் அங்குலமாவது நீர்வாட்டம் இருக்கட்டும். வாட்டம் இல்லாத குளியலறையில் எந்த டைலும் பாசி பிடிக்கும், பாசி பிடித்த பிறகு ஆர் 13 இருந்தும் பயனில்லை. டைல் போடும் முன் வாட்டர்ப்ரூஃபிங் பூசிய தரையில் துளையை அடைத்து ஒருநாள் முழுக்கத் தண்ணீரைத் தேக்கிப் பாருங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால் அன்றைக்கே சரி செய்துவிடலாம். டைல் போட்ட பிறகு தெரிந்தால் உடைக்கத்தான் வேண்டும். சுவரில் ஒட்டும் டைலைத் தரையில் போடவே கூடாது. அதன் மெருகு மெல்லியது, ஒரு வாளி விழுந்தால் சில்லு பெயரும்.

குளியலறையைக் கழுவுவதைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பும் இரும்பும் இருக்கும் ஊர்கள் பல. இங்கே நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்று மக்கள் எத்தனை ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் படியும், இல்லையென்றால் செங்காவி ஏறும். உடனே ஆசிட் பாட்டிலைத் திறக்கிறீர்கள். அந்த ஆசிட் டைலை அவ்வளவாகத் தொடாது, இடுக்கில் உள்ள சிமென்ட்டை அரிக்கும். அரித்த இடுக்கு வழியே தண்ணீர் கீழே இறங்கும். கடப்பா, கோட்டா, மார்பிள் மூன்றுமே சுண்ணாம்புக்கல் இனம், ஆசிட் பட்டால் நுரைத்து மேற்பரப்பே போய்விடும். ஆலையில் ஆசிட் படும் இடத்தில் சிமென்ட் வைக்க மாட்டார்கள் என்று தெரிந்த நீங்களே வீட்டில் இதைச் செய்யலாமா? பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் கிளம்பும் என்பதை உங்கள் மனைவிக்கோ மருமகளுக்கோ இன்று இரவே சொல்லிவிடுங்கள். ஜன்னலில்லாத சின்ன அறைக்குள் குனிந்து தேய்ப்பவர்கள் அவர்கள். குளித்து முடித்ததும் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் படலம் படிவதே குறையும். டைலின் நிறத்தைத் தூய வெள்ளையாகவும் கறுப்பாகவும் எடுக்காமல் சந்தன நிறமோ மணல் நிறமோ எடுத்தால் மிச்சக் கறை கண்ணை உறுத்தாது. இடுக்குக்கு எபாக்சி போட முடிந்தால் போடுங்கள். செலவு கூடும்தான், ஆனால் குளியலறையும் அடுப்படியும் சின்ன இடங்கள், தாங்கும்.

வாசலுக்கு வாருங்கள். நம் ஊர் கடற்கரை ஊர். கிழக்கே உப்பனாறு, அதற்கப்பால் கடல். காலோடு வீட்டுக்குள் வருவது மணல். மணல் என்றால் குவார்ட்ஸ், டைலின் மெருகைவிடக் கடினமானது. பாலிஷ் டைல் மீது செருப்படியில் மணலை வைத்துத் தேய்த்தால் ஒரே ஆண்டில் நடைபாதை மங்கிக் கோடு விழும். தாழ்வாரத்திலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் சொரசொரப்பான, கனமான டைலோ உளி கொத்திய கிரானைட்டோ போடுங்கள். சிதம்பரம் கோயில் பிராகாரத்தில் நடந்திருப்பீர்கள். உளி கொத்திய அந்தக் கல் எத்தனை தலைமுறை வெறுங்கால்களைத் தாங்கியிருக்கிறது! நிலைப்படிக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு மிதியடி போட்டுவிட்டால் கூடத்துத் தரையின் ஆயுள் நீளும்.

கோலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாசல் முழுவதையும் மழமழப்பான டைலால் மூடிவிட்டு, பிறகு கோலம் நிற்கவில்லை என்று ஸ்டிக்கர் ஒட்டுகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஈர டைலில் மாவு வழுகும், போடுகிறவரும் வழுகுவார். நிலைப்படிக்கு முன்னால் மூன்றடிக்கு மூன்றடி இடத்தைக் கொத்திய கல்லாகவோ சிமென்ட் தளமாகவோ விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதை அவர்களே சொல்லியிருப்பார்கள்.

அடுப்படியில் எண்ணெய், மஞ்சள், புளி மூன்றும் சிந்தும். குழம்புச் சட்டி விழும், குக்கர் விழும். அதனால் அங்கே விட்ரிஃபைடுதான் சரி. மேட் எடுங்கள், ஆனால் வாசலுக்கு எடுத்த அளவு சொரசொரப்பு வேண்டாம், அந்தக் குழிகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துவிடும். கைவிரலை வைத்துத் தடவினால் முட்டை ஓட்டைத் தடவியது போலிருக்க வேண்டும், அந்தப் பதம். மீன் கழுவும் வீடுகள் நம்முடையவை. மத்தி, நெத்திலி, வஞ்சிரம் எதுவானாலும் செதிளும் ரத்தமும் தண்ணீரும் சேர்ந்த தரையைப் போல வழுக்குவது வேறில்லை. அதற்குக் கொல்லைப்புறத்தில் ஒரு கழுவுமேடையும் அதைச் சுற்றி நாலடிக்குச் சொரசொரப்பான தரையும் தனி வாட்டமும் ஒதுக்கித் தாருங்கள். பிளானிலேயே அந்த இடம் இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது கடைசிவரை வராது.

கூடத்தில் உங்கள் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. விருந்தினர் வரும் இடம், கொஞ்சம் மினுக்கம் இருக்கட்டும். ஆனால் தெரிந்து வாங்குங்கள். டபுள் சார்ஜ் டைலில் நிறம் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கும், தேய்ந்தாலும் அதே நிறம் தெரியும். ஜி.வி.டி. என்று விற்பதில் படம் மேலே மெல்லிய படலமாக அச்சாகி, அதன்மேல் மெருகு ஏற்றியிருக்கும். படம் அழகாக இருக்கும், கீறல் விழுந்தால் மறையாது. ஆள் புழக்கம் அதிகமான கூட்டுக் குடும்பத்துக்கு முதலாவது நல்லது. கூடம் சின்னது என்றால் நாலுக்கு இரண்டு டைலுக்கு ஆசைப்படாதீர்கள். வெட்டி வீணாவது அதிகம், துண்டு துண்டாகத் தெரியும். இரண்டுக்கு இரண்டு அழகாகவே அமையும். அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியில் வீடு கட்டுபவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். படுக்கையறையில் எதைப் போட்டாலும் பெரிய கேடில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள். வயதானவர் கட்டிலிலிருந்து குளியலறைக்கு இரவில் நடக்கும் வழி முழுவதும் மேட் டைலாக இருக்கட்டும், குளியலறைக்குள் இறங்கும் அரை அங்குலம் கண்ணுக்குத் தெரியும்படி அங்கே வேறு நிறத்தில் ஒரு பட்டை போடுங்கள். பூஜை அறையில் விளக்கெண்ணெய் சொட்டும், மார்பிள் அதைக் குடித்து மஞ்சளாகும். விட்ரிஃபைடு துடைத்தால் போய்விடும்.

மாடிப்படிக்குப் பாலிஷ் கிரானைட் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் ஒவ்வொரு படியின் முன்விளிம்பிலும் மூன்று கோடு வெட்டச் சொல்லுங்கள். கட்டிங் மெஷினோடு ஒரு ஆள் ஒரே நாளில் முடித்துவிடுவார். இந்த மடலைப் படித்துவிட்டு ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் அதைச் செய்யுங்கள்.

இனி நம் மண். உப்பனாற்று ஓரத்து மனைகள் பள்ளம். நாலடி, ஐந்தடி மண் நிரப்பித்தான் மேலே வருகிறோம். அந்த மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்து இறுக்காமல், ஒரே மூச்சில் லாரியில் கொட்டி மேலே கான்கிரீட் போட்டால், முதல் பெருமழையில் மண் இறங்கும். டைல் அந்தரத்தில் நிற்கும், ஒருநாள் பீரோவின் கால் பட்டு உடையும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எத்தனை வீடுகளில் தரை அமுங்கியது என்பதை நீங்களே உங்கள் தெருவில் எண்ணலாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலோடு தென்பெண்ணை கரைமீறி வந்தபோது கடலூரைச் சுற்றி மறுபடியும் வீடுகளுக்குள் சேறு. 2025 மே மாதம் குடிகாட்டில் சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, அந்தத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்ததையும் நாம் பார்த்தோம். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் வேறு, அதைக் கேட்கும் உரிமையை நீங்கள் விட்டுவிடக் கூடாது. ஆனால் தண்ணீர் புகுந்த வீட்டை மறுநாள் கழுவி எடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். தண்ணீர் குடிக்காத டைல், நிறைந்த இடுக்கு, வாசலை நோக்கிச் சற்றே சரிந்த தரை, சுவரடியில் நாலு அங்குல ஸ்கர்ட்டிங்குக்குப் பதில் ஓரடி டைல் இருந்தால் கழுவும் வேலை ஒரு நாளில் முடியும். சிவப்பு ஆக்சைடு தரையும் ஆத்தங்குடி டைலும் எனக்கும் உயிர். மேட்டு மனையில் கட்டுபவர்கள் தாராளமாகப் போடுங்கள், வெறுங்காலுக்கு அதைவிட இதமான தரை கிடையாது. ஆனால் உப்புத் தண்ணீர் கீழிருந்து ஏறும் பள்ள மனையில் அவற்றின் மேல் உப்புப் பூக்கும். அங்கே அடியில் ஈரம் ஏறாமல் தடுப்பு போடாமல் இறங்காதீர்கள்.

நல்ல டைலை வாங்கிவிட்டு மோசமாகப் பதித்தால் எல்லாம் வீண். விட்ரிஃபைடு தண்ணீரைக் குடிக்காது என்றேன். அதனாலேயே சிமென்ட் பாலையும் குடிக்காது, வெறும் சிமென்ட்டில் சரியாக ஒட்டாது. ஐ.எஸ். 15477 என்று அச்சிட்ட டைல் பசையில் பதியுங்கள். அவசரத்தில் டைலின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை கலவை வைத்து அழுத்திவிட்டுப் போவார்கள். மேலே பார்த்தால் மட்டமாகத்தான் இருக்கும். ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள், உருண்டை இல்லாத இடத்தில் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்கும். பின்பக்கம் முழுவதும் சீப்புக் கரண்டியால் பசை இழுத்திருக்க வேண்டும். டைலுக்கும் டைலுக்கும் இடையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் வையுங்கள். "இடைவெளியே தெரியாம ஒட்டிப் போடுங்க, அதுதான் அழகு" என்று நீங்கள்தான் மேஸ்திரியை வற்புறுத்துகிறீர்கள். சூட்டில் டைல் விரியும், கான்கிரீட் நாளாக நாளாகச் சுருங்கும். நெருக்கிப் போட்ட டைலுக்கு நகர இடமில்லை. ஒருநாள் நடுக்கூடத்தில் பட்டாசு வெடித்த சத்தத்தோடு இரண்டு டைல் கூரை போல எழும்பி நிற்கும். பேய், பில்லி சூனியம் என்று சில வீடுகளில் பேச்சு ஓடியிருக்கிறது. இடைவெளி இல்லாததுதான் காரணம். சுவரோரத்திலும் சின்ன இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மூடுங்கள்.

டைல் போடும் தம்பிகளில் பலர் வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் வேகம்தான் அவர்களுக்குக் கூலி. உருண்டை வைப்பதும் வாட்டத்தை விடுவதும் அங்கிருந்து வருகிறது. குளியலறைக்கும் படிக்கும் நாள்கூலியாகப் பேசுங்கள், இரண்டு நாள் கூடப் போகட்டும். நல்ல தண்ணீரும் வேளைக்குச் சாப்பாடும் கொடுத்து, பக்கத்தில் ஒருவர் நின்று பாருங்கள். ஷிஃப்ட்டுக்குப் போன நீங்கள் நிற்க முடியாவிட்டால் வீட்டிலுள்ள அக்கா நிற்கட்டும், ரசமட்டத்தைப் பார்க்க அவருக்குச் சொல்லித் தருவது என் பொறுப்பு. ஒரே பேட்ச், ஒரே ஷேட் எண் உள்ள பெட்டிகளாக வாங்குங்கள். பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி, ஒரு பெட்டியைப் பரண்மேல் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆண்டு உடைந்தால் அதே டைல் கடையில் கிடைக்காது.

இவ்வளவையும் சொன்ன பிறகு உங்களிடம் நான் கேட்பது இரண்டு. முதலாவது, கடையில் அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் வீட்டு மூத்த பெண்மணியை அங்கே அழைத்துச் செல்லுங்கள். குளியலறைக்கும் வாசலுக்கும் நீங்கள் பார்த்து வைத்த டைலில் நாலைத் தரையில் அடுத்தடுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் தெளியுங்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு அதன்மேல் நிற்க வையுங்கள், திரும்ப வையுங்கள், ஒரு எட்டு வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். லட்சக்கணக்கில் பணம் கொடுக்கப் போகிறவர்கள் நீங்கள். அந்த அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டாவது, உங்கள் சங்கத்தில் இருப்பவர்களுக்கு. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள், உங்கள் ஆலைகளில் உறுதிமொழி எடுக்கிறீர்கள், போட்டிகள் நடக்கின்றன. வருகிற மார்ச்சில் அதில் ஒரு மணி நேரத்தை வீட்டுத் தரைக்குக் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள். ஆலைக்குள் வழுக்கலைப் பற்றிச் சொல்லித் தரும் அதே அதிகாரி, வீட்டுக் குளியலறைக்கும் படிக்கும் அதைச் சொல்லட்டும். விருத்தாசலத்திலிருந்து பீங்கான் தொழில் படித்தவர் ஒருவரையும், உங்கள் ஊர் டைல்ஸ் மேஸ்திரிகளையும் அழையுங்கள். என்னைக் கூப்பிட்டால் நானும் வருகிறேன், நாலு வகை டைலும் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்து வருகிறேன்.

உங்கள் வீட்டுத் தரை இன்னும் போடவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கடைக்குப் போங்கள். அவர் நின்று பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.